பிசுபிசுக்கும் ரெசின் சாவிக்கொத்து

கேள்வி: பரிசளிக்க, பெயரெழுத்து அச்சில் நீல எப்பாக்ஸி ரெசின் ஊற்றினேன். இரண்டு நாளாகியும் பிசுபிசுக்கிறதே?

பதில்: பெரும்பாலும் அளவுக் கோளாறுதான். ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் திரவமான ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்புக் கணக்கு. டப்பாவில் 2:1 (ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு) என்றிருந்தால் அதேதான். அது எடைக்கா, கொள்ளளவுக்கா என்றும் பாருங்கள். கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்து 3 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாய் அடித்தால் குமிழிதான் மிச்சம். ஊற்றி முடித்ததும் கப்பைச் சுரண்டி அச்சில் விடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிய கலக்காத ரெசின் விழுந்த இடம் மட்டும் இறுகாது. 50 கிராம் கலவைக்கு நிறமி 2 கிராம் போதும். தண்ணீர் சேர்ந்த பெயின்ட் வேண்டவே வேண்டாம்.

உள்ளே கெட்டியாக இருந்தால், கையுறையோடு பிசுக்கைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியான கலவையை மெல்லிசாக மேலே பூசுங்கள். உள்ளும் குழைந்தால் புதிதாக ஊற்றுவதே மேல்.