மீசை இல்லாத துரியோதனன்

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் ஒரு பாரத நாடகம் பார்த்தோம். துரியோதனனாக வந்தது ஒரு பெண். கறுப்பு டி-ஷர்ட், ஒட்டு மீசைகூடக் கிடையாது. என் வீட்டுக்காரர் பாதியிலேயே எழுந்துவிட்டார். இதிகாசக் கதையில் இப்படியெல்லாம் ஆளை மாற்றலாமா?
(வாசகி, அம்பத்தூர்)

பதில்: தாராளமாக மாற்றலாம் அம்மா. நம் மேடைக்கு இது பழைய பழக்கம். ஸ்திரீபார்ட் (பெண் வேடம்) என்று ஒரு வகையே இருந்ததே, அதில் மீசையை மழித்துக்கொண்டு நின்றவர்கள் ஆண்கள்தானே! டி.கே.சண்முகம் கிழவி வேடம் போட்டே ‘ஔவை’ சண்முகம் ஆனார். கும்பகோணம் பாலாமணி அம்மாள் கம்பெனியில் ஆண் வேடமும் பெண்களே கட்டினார்கள். 1935-இல் வந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனார், கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து லட்சம்!

எனக்கென்னவோ சந்தேகம் அந்த டி-ஷர்ட் மேல்தான். தெருக்கூத்தில் துரியோதனன் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு. ஆளைக் காட்டவே மாட்டார்கள். அப்புறம் திரை விலகினால் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், இடுப்பைச் சுற்றி விரிந்த பாவாடை, காலில் சலங்கை. ஒல்லிப்பிச்சான் ஆளும் இதைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுழன்றால் ராஜாவாகிவிடுவான். பாதி வேலையை வேடமே பார்த்துக்கொள்கிறது. அத்தனையையும் கழற்றி வைத்துவிட்டால், அந்த அகலத்தை நடிப்பவரின் காலும் தொண்டையும்தான் கொண்டுவர வேண்டும். ஆண் நடித்தாலும் இதே கதைதான்.

என்னிடம் ஒத்திகைக்கு வருகிறவர்களுக்கு, நாடகத்தில் சலங்கையே இல்லாவிட்டாலும் முதல் வாரம் சலங்கை கட்டிவிடுவேன். கால் தயங்கினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நம் இயக்குநர்கள் சிலர், பெண்ணை ராஜாவாக்கியதோடு புரட்சி முடிந்தது என்று டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நீங்கள் பார்த்த நாடகம் எந்த ரகமோ!

கேள்வி: எங்கள் கல்லூரிக் குழுவில் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ போடுகிறோம். நன்றாக நடிப்பவர் ஒரு பெண். ஹாம்லெட்டை இளவரசியாக மாற்றிவிடலாமா?
(மாணவர், தாம்பரம்)

பதில்: பெண் நடிப்பது வேறு, பாத்திரத்தைப் பெண்ணாக்குவது வேறு. பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் 1899-இல் பாரிஸில் ஹாம்லெட்டாக நடித்தபோது இளவரசனாகவேதான் நடித்தார். 2016-இல் லண்டன் ஓல்டு விக் அரங்கில் நடிகை கிளெண்டா ஜாக்சன் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக வந்தார், எண்பது வயதில். அவரும் ராணியாக மாறவில்லை.

இளவரசியாக்கினால், ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியா அவளுக்கு யார்? சித்தப்பன் அரியணையைப் பிடித்ததற்குப் புதுக் காரணம் ஏதாவது வருமா? ஒஃபீலியாவின் அப்பா பொலோனியஸ், இளவரசனோடு பழகாதே என்று மகளைக் கண்டிக்கிற காட்சியை என்ன செய்வீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் மாற்றுங்கள், சுவாரசியமான நாடகம் கிடைக்கும். இல்லையென்றால் அந்தப் பெண் இளவரசனாகவே நடிக்கட்டும்.

கேள்வி: நான் கறுப்பு. எந்தப் புராண நாடகம் என்றாலும் எனக்கு அசுரன் வேடம்தான் தருகிறார்கள்.
(வாசகர், வியாசர்பாடி)

பதில்: ராமன் கறுப்பு. கிருஷ்ணன் கறுப்பு. அர்ஜுனன், பாஞ்சாலி எல்லோருமே கறுப்பு. பவுடர் டப்பாவை மூடிவைத்துவிட்டு வியாசரைக் கொஞ்சம் புரட்டச் சொல்லுங்கள் உங்கள் இயக்குநரை. அதற்கும் மசியவில்லையா, சரி, இராவணனைக் கேட்டு வாங்குங்கள். கைதட்டல் அவனுக்குத்தான்.