நாள் குறித்த சிசேரியனுக்கு கேஷ்லெஸ் மறுப்பு: பொய்க் காரணம் எழுதச் சம்மதிக்காதீர்கள்

வணக்கம். 38வது வாரத்தில் நீங்களே கேட்டு நாள் குறித்த சிசேரியனுக்கு 'மருத்துவக் காரணம் இல்லை' என்று டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் நிறுவனம்) கேஷ்லெஸ் வசதியை, அதாவது ஆஸ்பத்திரி பில்லை நேரடியாகக் கட்டுவதை, மறுத்துவிட்டது. 'குழந்தைக்கு இதயத்துடிப்பு குறையுதுன்னு எழுதிடலாம்' என்கிறார் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்காரர். அதற்கு மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சிடிஜி (குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும்) வரைபடமும் நர்ஸ் குறிப்பும் அதோடு ஒத்துப்போகாது. மோசடி என்று பாலிசியையே ரத்து செய்ய முடியும். அடுத்த பிரசவத்தில் வேறொரு டாக்டர் அந்தப் பொய்யை உண்மை வரலாறாக எடுத்துக்கொள்வார்.

முதலில் பாலிசியில் மகப்பேறு பகுதியைப் படியுங்கள். அலுவலகக் குழு பாலிசி என்றால் பெரும்பாலும் சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனி உச்சவரம்பு இருக்கும். 'மருத்துவ ரீதியாக அவசியமானால் மட்டும்' என்ற வரி அங்கே இல்லையென்றால், எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தனிநபர் பாலிசியில் விலக்கு எண் 18 (மகப்பேறு செலவுக்கான விலக்கு) இருந்தால் சிசேரியனும் சேர்த்தே விலக்கு, வாதாடிப் பயனில்லை.

கேஷ்லெஸ் மறுப்பு, க்ளெய்ம் மறுப்பு அல்ல. நீங்களே பணம் கட்டிவிட்டு, பிறகு அதைத் திருப்பித் தரும்படி ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, விவரமான பில், ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கின்றன 2002 மருத்துவ நெறிமுறை விதிகள். ரீஇம்பர்ஸ்மென்டையும் மறுத்தால் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இன்னொன்று: அவசரக் காரணம் இல்லாதபோது 39 வாரம் முடியும்வரை பொறுங்கள். அதற்கு முன் எடுத்தால் குழந்தைக்கு மூச்சுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். நல்ல நேரம் அதற்குப் பிறகும் கிடைக்கும்.