ஏட்ரியானாவை யார் கேட்டார்கள்?

அன்புள்ள அக்கா,

மாஃபியா தலைவன் டோனியின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொடர் 'தி சோப்ரானோஸ்'-இன் ஆறு சீசனையும் பார்த்து நேற்று இரவுதான் முடித்தேன். கடைசிக் காட்சியில் டோனி உணவகத்தில் குடும்பத்துக்காகக் காத்திருக்கிறான். கதவு மணி அடிக்கிறது, நிமிர்கிறான், திரை கறுத்துவிடுகிறது. டிவியில் கோளாறு என்று நினைத்து ரிமோட்டைத் தேடினேன். புரிந்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை. 86 எபிசோட் கூடவே வந்தவர்களை இப்படி ஏமாற்றலாமா? டோனி செத்தானா இல்லையா? முடிவைச் சொல்லாமல் விட்டது கோழைத்தனம்தானே? டோனியின் கூட்டாளிகள் பாலி, சில்வியோ மாதிரி ஆட்களை இனி எங்கே பார்ப்பேன்? சில்வியோவின் அந்த உடை, அந்த நிதானம்! வீட்டில் ஒருவர் போனதுபோல் இருக்கிறது.

ச.

அன்புள்ள ச.,

வீட்டில் ஒருவர் போனதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். யாராவது இதைக் கேலி செய்தால் பொருட்படுத்தாதீர்கள். ஒருவனுடைய பசி, தூக்கமின்மை, அம்மாவோடு போடும் சண்டை எல்லாவற்றையும் இத்தனை நாள் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவன் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். ஜேம்ஸ் காண்டோல்ஃபினி அப்படி நடித்தார். 2013 ஜூனில் அவர் ரோமில் இறந்தபோது எனக்கும் இப்படித்தான் இருந்தது.

ரிமோட்டைத் தேடியதும் நீங்கள் மட்டுமல்ல. 2007 ஜூன் 10 இரவு அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். கேபிள் போய்விட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ சேனலின் இணையதளம் கூட்டம் தாங்காமல் முடங்கியது. தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் அப்போது பிரான்சில் இருந்தார். நடந்ததை விளக்கவோ நியாயப்படுத்தவோ விருப்பமில்லை என்று ஒரு நாளிதழிடம் சொல்லி முடித்துக்கொண்டார். அதைக் கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. கழிவறைக்குப் போன மனிதன், வெங்காய வளையம், பூனை என்று கடைசி எபிசோடில் துப்புத் தேடி ஆராய்பவர்கள் ஆராயட்டும், எனக்கு அதில் நாட்டமில்லை.

என் மனம் சுருங்கியது வேறு இடத்தில். உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்திலும் ஏட்ரியானாவின் பெயர் இல்லை, டோனியின் கூட்டத்துக் கிறிஸ்டோஃபரை மணக்க இருந்தவள். ஆனால் சில்வியோவின் நிதானம் இருக்கிறது! தம்பி, அந்த நிதானத்தோடுதான் அவன் காரை நெடுஞ்சாலையிலிருந்து காட்டுப் பக்கம் திருப்பினான். கிறிஸ்டோஃபர் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையில் கிடக்கிறான் என்று டோனி போனில் சொன்ன பொய்யை நம்பி அவள் பக்கத்தில் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவளை இழுத்துக் கீழே தள்ளுகிறான். சருகுகள்மேல் தவழ்கிறாள். சுடும் சத்தம் மட்டும் நமக்குக் கேட்கிறது. எத்தனையோ சாவுகளை நேருக்கு நேர் காட்டிய தொடர் அங்கே கேமராவைத் திருப்பிக்கொள்கிறது. இதையும் பார்த்துவிட்டு உங்களுக்கு அவன் உடைதான் நினைவில் நிற்கிறது என்றால், அதை எப்படிச் சும்மா விடுவது?

அவள் செய்த குற்றம் என்ன? எஃப்பிஐ ஆள் ஒருத்தி தோழியாக நடித்து அவளோடு பழகி, பிறகு மிரட்டி டோனியின் கூட்டத்தைப் பற்றி உளவு சொல்ல வைத்தாள். ஏட்ரியானா பயத்தில் குடல் கெட்டு நோயாளியானாள். கடைசியில் நம்பிக்கையோடு கிறிஸ்டோஃபரிடமே எல்லாவற்றையும் சொன்னாள், சேர்ந்து போய்விடலாம் என்றாள். அவனும் அழுதுகொண்டே தலையாட்டினான். பிறகு ஒரு பெட்ரோல் பங்கில், பழைய காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஏழைக் குடும்பத்தைப் பார்த்தான். தன் வாழ்க்கையும் இப்படி ஆகிவிடும் என்று புரிந்தது. அவ்வளவுதான், அவளை டோனியிடம் ஒப்படைத்துவிட்டான்.

இந்த எபிசோடை நான் ஒரு தோழியோடு சேர்ந்து பார்த்தேன். முதல் எபிசோடில் டோனியின் நீச்சல் குளத்தைவிட்டு வாத்துகள் பறந்துபோனதற்கே கண் கலங்கியவள் அவள். அவ்வளவு இளகிய மனசு. ஏட்ரியானா செத்ததும், "காட்டிக் கொடுத்தவளுக்கு வேறென்ன கிடைக்கும்?" என்றாள். நான் கத்திவிட்டேன். இருவருக்கும் குரல் உயர்ந்தது. கடைசியில் அவள் ஒன்று சொன்னாள்: "அவள் வாயைத் திறந்தால் டோனி உள்ளே போய்விடுவான். அப்புறம் கதை ஏது?"

அவள் சொன்னது உண்மை. அதனால்தான் இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. தொடர் நீளவேண்டும் என்று நமக்கு ஆசை. அதற்கு டோனி வெளியில் இருக்கவேண்டும். அவன் வெளியில் இருக்கவேண்டுமென்றால் சாட்சி சொல்லக்கூடியவள் போகவேண்டும். வாரா வாரம் நாமும் டோனியின் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நல்ல மனசுக்காரர்களே போட்டோம். கடைசி இரவு கறுப்புத் திரையைப் பார்த்துக் கூச்சல் போட்டதும் அதே பசிதான். இத்தனை வருடம் அவனுக்குக் கைதட்டியவர்கள் கடைசியில் அவன் ரத்தத்தையும் கேட்டார்கள் என்று சேஸ் பின்னால் கசப்போடு சொன்னார். இதில் நான் முழுக்க அவர் பக்கம்.

ஆறாவது சீசன் இரண்டு பகுதியாக வந்தது. முதல் பகுதியின் கடைசி எபிசோட் 'கைஷா', 2006 ஜூன் 4-இல் ஒளிபரப்பானது. துப்பாக்கியை எதிர்பார்த்து உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரு கிறிஸ்துமஸ் மரமும் குடும்பக் கூடலும். ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நடந்தது தம்பி, அதைவிடப் பயங்கரமானது இந்தத் தொடரில் குறைவு. அதற்குச் சற்று முன்பு டோனியின் மனைவி கார்மெலா பாரிஸ் போயிருந்தாள். அங்கே கனவில் ஏட்ரியானா வருகிறாள், நாய்க்குட்டியோடு. உன் தோழி செத்துவிட்டாள், அதை யாராவது அவளிடம் சொல்லவேண்டும் என்று ஒரு போலீஸ்காரன் கார்மெலாவிடம் சொல்கிறான். திரும்பி வந்தவள் அந்தப் பெண் எங்கே போனாள் என்று கேட்க ஆரம்பிக்கிறாள். துப்பறிவாளர் வைத்துத் தேடலாம் என்கிறாள். டோனி அவளை மிரட்டவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. அவள் கட்டிக்கொண்டிருந்து பாதியில் நின்றுபோன வீட்டுக்கான தடையை நீக்க ஏற்பாடு செய்கிறான். வேலை மறுபடி தொடங்குகிறது. கார்மெலா அதற்கப்புறம் அந்தப் பெண்ணைத் தேடவில்லை.

கேள்வி கேட்டவளின் வாய் அடைக்கப்பட்டதைப் பார்த்துக்கொண்டே ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்ன ரசிகர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. ஏட்ரியானாவாக நடித்த ட்ரேயா டி மேட்டியோவுக்கு 2004-இல் எம்மி விருது கொடுத்தார்கள், மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெண்ணுக்காக, டோனிக்காகப் போட்டதில் பாதிக் கூச்சலாவது யாராவது போட்டிருக்கவேண்டும்.

டோனி செத்தானா என்றுதானே கேட்டிருந்தீர்கள்? செத்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் 'கைஷா'வை இன்னொரு முறை பாருங்கள், இந்த முறை கார்மெலாவை மட்டும் கவனியுங்கள். பார்த்துவிட்டுக் கட்டாயம் எழுதுங்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்க்காதீர்கள், பகலில் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா