மலையே இல்லாத ஊர்ல ஜியாலஜி படிக்க முடியுமா?

கேள்வி: அக்கா, நான் ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். பி.காம் முடிச்சுட்டு ராம்நாட்ல ஒரு கடையில கணக்கு எழுதுறேன். போன்லயே ஜியாலஜி அடிப்படை கோர்ஸ் ஒண்ணுல சேந்து மூணு வாரம் பாத்தேன், இக்னியஸ் (தீப்பாறை), செடிமென்டரி (படிவுப் பாறை)னு பேரு நிக்குது, விஷயம் நிக்கல. வீடியோல வர்றது பூராம் மலையும் எரிமலையும்தான், இங்க சுத்தி மணலும் தண்ணியும். லேப் இல்லாம, பாறையக் கண்ணால பாக்காம இது ஆகுற காரியமா, இல்ல விட்றவா?

பதில்: விட்றாதம்மா. உங்க பக்கம் பழைய வீட்டுச் சுவத்துல காரை பேந்த எடத்த கிட்டப் போயி பாத்திருக்கியா? சில வீட்டுக் கல்லுல சின்னச் சின்ன நட்சத்திரம் கணக்கா குழி குழியா இருக்கும், அது பூராம் பவளப்பூச்சி கட்டுன கூடு. அந்தக் கூடு சேந்து சேந்து இறுகிக் கல்லானதுதான், நீ பேரு மட்டும் நிக்குதுங்கிற அந்த செடிமென்டரி பாறை. பாடத்துல வர்ற சுண்ணாம்புக்கல்லும் இதே வகைதான்.

லேப்பும் வீட்லயே இருக்கு. மட்டிச் சிப்பி ஒண்ண நுணுக்கி வினிகர் ஊத்திப் பாரு, நொரைச்சுக் கெளம்பும், அது கார்பன் டை ஆக்ஸைடு, ஜியாலஜிக்காரங்க நீர்த்த ஆசிட்ட சொட்டு விட்டு சுண்ணாம்புக்கல்லக் கண்டுபிடிக்கிறதும் இதே வழிதான். ஆனா கரையில கெடக்குற பவளத்த மட்டும் எடுத்துராத, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அது குத்தம்.

இன்னொண்ணு சொல்றேன், இத மொதல்ல படிச்ச அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமே வரல. உங்க தீவோட வடகரையில பழைய பவளப்பாறை கடல் மட்டத்துக்கு மேல தூக்கி நிக்குது. பவளம் தண்ணிக்கு வெளிய வளரவே வளராது, அப்ப ஒண்ணு கடல் எறங்கியிருக்கணும், இல்ல தரை ஏறியிருக்கணும். பவளப்பாறை ஆராய்ச்சியாளருங்க ஸ்டாடர்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972ல ராமநாதபுரத்துப் பவளப்பாறைகளப் பத்தியே ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதுனாங்க, ரேடியோகார்பன் முறையில, அதாவது அதுல மிச்சமிருக்குற கதிரியக்கக் கார்பன அளந்து வயசு கணக்குப் போடுற முறையில, அந்தப் பவளத்துக்கு வயசு சுமார் 4000 வருஷம்னு வந்துச்சு. நீ தெனமும் பஸ் ஏறுற தீவு அது!

தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனா, வாடைக்காத்து அடிக்கிற மாசம் ஒருக்கா, கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசம் ஒருக்கான்னு ரெண்டு தடவ போ, ரெண்டு தடவையும் ஒரே எடத்துல நின்னு போட்டோ எடு. பெண்கடல் (வடக்க இருக்குற பாக் விரிகுடா) பக்கம் எப்ப அலை, ஆண்கடல் (தெக்க இருக்குற மன்னார் வளைகுடா) பக்கம் எப்ப அலை, மணல் எங்கிட்டு ஒதுங்குதுன்னு உங்கூர் கடல்தொழிலாளிங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க, அவங்கள்ட்ட கேட்டு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு அப்புறமா அலையும் கரை அரிப்பும் வர்ற வீடியோவப் பாரு, அப்ப மறக்காது.

இங்கிலீஷ் இடிக்குதுன்னா பிளஸ் ஒன் புவியியல் தமிழ் மீடியம் புத்தகத்துல பாறை, புவித்தட்டு வர்ற பாடத்த மொதல்ல படி, அரசாங்க பாடநூல் சைட்ல சும்மாவே கெடைக்குது. அப்புறம் என்பிடெல், ஸ்வயம்னு அரசாங்க ஆன்லைன் கோர்ஸ் சைட் இருக்கு. அங்கயும் பாடம் கேக்க காசில்ல, சர்டிபிகேட் பரீட்சைக்குத்தான் பணம். அதனால அவசரப்படாம, விட்ட எடத்துலேருந்து இல்ல, மொத வீடியோலேருந்தே திரும்ப ஆரம்பி.