ரோம் பயணம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ரோமில் மூன்று நாள்கள் தங்குகிறோம். எவற்றுக்கு முன்பதிவு கட்டாயம்?

பதில்: கொலோசியத்துக்கும் வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் தவறாமல் முன்பதிவு செய்துவிடுங்கள். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டில் பெயர் இடம்பெறும் என்பதால், கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதிந்து, அன்று கடவுச்சீட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் பொதுவாக ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். ஆனால் அன்றைய வரிசையில் நின்றால், காசு கொடுத்தே வேறு நாளில் வந்திருக்கலாம் என்று தோன்றும்.

கேள்வி: கட்டணமின்றிப் பார்க்கத் தக்கவை உண்டா?

பதில்: ரோமின் சிறந்த கலைப்படைப்புகள் பல தேவாலயங்களில்தான் இருக்கின்றன. கொலோசியத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், சான் பியேத்ரோ இன் வின்கோலி ஆலயத்தில் மைக்கேலேஞ்சலோ செதுக்கிய, விவிலியத்தில் வரும் மோசேயின் சிலையைக் காணலாம். நவோனா சதுக்கத்துக்கு அருகிலுள்ள சான் லூயிஜி தேய் பிரான்சேசி ஆலயத்தில், இடப்பக்கத்துக் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோவின் மூன்று ஓவியங்கள் உள்ளன. அங்குள்ள பெட்டியில் நாணயம் போட்டால்தான் விளக்கு எரியும். ஆகவே சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இடச்சுவர் ஓவியத்தில், வரி வசூலிக்கும் ஆயக்காரரான மத்தேயுவை இயேசு கைநீட்டி அழைக்க, இயேசுவின் பக்கமிருந்து வரும் ஒளி மேசையைச் சுற்றியிருப்போரின் முகங்களில் விழுகிறது. கோடியில் அமர்ந்திருக்கும் இளைஞனோ காசிலிருந்து தலை நிமிர்த்துவதே இல்லை. பல ஆலயங்களை நண்பகலில் சில மணி நேரம் மூடிவிடுவார்கள் என்பதால், காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம்.

கேள்வி: எழுபது வயதான அம்மாவுக்கு முழங்கால் வலி. தூய பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் ஏற முடியுமா?

பதில்: மொத்தம் 551 படிகள். மின்தூக்கியில் பாதி வழி சென்றாலும் 320 படிகள் எஞ்சும். அவை போகப் போகக் குறுகி, சாய்ந்த சுவரை ஒட்டிச் செல்வதால், தயவுசெய்து அம்மாவை ஏற்றாதீர்கள். பேராலயத்தின் உட்புறமே அவருக்குப் போதும். நகரத் தெருக்களில் கருங்கல் பாவியிருப்பதால், தடித்த அடியுள்ள காலணி வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். என்ன சாப்பிடலாம்?

பதில்: மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் ஆகியவையே இருக்கும். பாலாடைக்கட்டியும் மிளகும் சேர்ந்த காச்சோ எ பேப்பே என்னும் பாஸ்தாவைச் சைவம் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அதில் சேரும் பெக்கோரினோ ரொமானோவை, ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டே உறைய வைக்கிறார்கள். மிளகு என்றதும் நினைவுக்கு வருகிறது: பண்டைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமானிய மன்றத்தில் (ஃபோரம்), மாக்சென்டியஸ் மண்டபத்தின் அடியில், பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் சிதைவுகள் உள்ளன. நம் முசிறியில் கப்பலேறிய சரக்கு போய்ச் சேர்ந்த ஊர் அது.

கேள்வி: பேருந்தில் திருட்டுப் பயம் உண்டா?

பதில்: டெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் எண் பேருந்தில் கூடுதல் கவனம் தேவை. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெருக்குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். நசோனி என்னும் இவ்வார்ப்பிரும்புக் குழாய்களை 1870களிலிருந்து நிறுவி வருகிறார்கள். குனிந்து குடிக்க வேண்டியதில்லை; வளைந்த மூக்கின் வாயை விரலால் அடைத்தால், மேலுள்ள சிறு துளை வழியே தண்ணீர் வாய்க்கு நேராகப் பீறிட்டு வரும்.