அண்ணாச்சி, ஈயக் குண்டில் பவுடர் நிற்கவில்லை!

தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுக்கு வீட்டிலேயே பவுடர் கோட்டிங் (ரெசின் கலந்த நிறப் பொடியை ஏற்றி, சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) போடலாம் என்று சென்ற முறை போகிற போக்கில் எழுதியிருந்தேன். உவரியிலிருந்து கூட்டப்புளி வரைக்கும் கடற்கரைக்காரர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். கேட், ஜன்னல் கம்பி பற்றிய கடிதம் இந்த முறை ஒன்றுதான் தேறியது. பலருக்கும் பயன்படுகிற கேள்விகளுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

குண்டு வார்த்து, பவுடர் ஏற்றி, அரை மணி நேரம் சூட்டில் வைத்தேன். பளபளவென்று இருந்தது. கடலில் இரண்டு நாள் போட்டதும் தோல் தோலாக உரிந்துவிட்டது. பவுடர் மட்டமா அண்ணாச்சி? (உவரி)

பவுடரைக் குறை சொல்லுமுன் அச்சைப் பாருங்கள். குண்டு ஒட்டாமல் வர அச்சுக்கு விளக்குக் கரி பிடிக்கிற பழக்கம் உங்கள் பக்கம் உண்டு. அந்தக் கரி குண்டின் மேலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் எந்தப் பவுடரும் நிற்காது. வார்த்த அன்றே தின்னரில் அலசிக் காயவையுங்கள், அதன்பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். நாலு நாள் போட்டு வைத்துக் குண்டு மங்கிப் போனால் மறுபடியும் தேய்த்துக் கழுவ வேண்டியதுதான்.

அடுத்தது சூடு. பவுடர் பையில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று போட்டிருக்கும். அது உலோகத்தின் சூடு, அடுப்பின் சூடு இல்லை. இதை நான் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. 200 கிராம் குண்டு அந்தச் சூட்டுக்கு வரவே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கப்புறம்தான் பத்து நிமிடத்தை எண்ண வேண்டும். ஒரு குண்டில் ஓட்டை போட்டு, மல்டிமீட்டரோடு வரும் வெப்பம் அளக்கும் கம்பியை அதில் செருகி, மற்ற குண்டுகளோடு தொங்கவிடுங்கள். சந்தேகமே வராது.

வெந்ததா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. தின்னர் தொட்ட துணியால் இருபது தடவை தேய்த்தால் துணியில் சாயம் ஏறக்கூடாது. அப்புறம், ஒரு குண்டைப் பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டையாக்குங்கள். ஈயம் நசுங்கும்போது கோட்டிங்கும் சேர்ந்து விரிய வேண்டும். சில்லு சில்லாகத் தெறித்தால் அந்த ஈடு முழுக்க வீண்.

பவுடர் அடிக்கும் கன், கம்ப்ரசர் எதுவும் இல்லை. முடியுமா? (வள்ளியூர்)

முடியும். குண்டின் வளையத்தைக் குறடால் பிடித்து சூடான காற்றை வீசும் ஹீட் கன்னில் 150 டிகிரி வரைக்கும் சூடாக்கி, பவுடருக்குள் ஒரு வீச்சு வீசி எடுங்கள். இரண்டு விநாடிக்கு மேல் வேண்டாம். பவுடர் உருகி ஒட்டிக்கொள்ளும். வளைய ஓட்டை அடைபட்டிருந்தால் சூடாக இருக்கும்போதே ஊசியால் குத்திவிடுங்கள். பிறகு அடுப்பில் முழு வேக்காடு கட்டாயம். வீசி எடுத்ததோடு முடிந்தது என்று நினைக்கிறவர்கள்தான் மேலே உவரிக்காரர் மாதிரிக் கடிதம் எழுதுகிறார்கள்.

குண்டையும் பவுடரையும் டப்பாவில் பிளாஸ்டிக் மணிகளோடு போட்டுக் குலுக்கும் முறையும் உண்டு. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கின் குறி) போட்டிருக்க வேண்டும். உரசலில் வரும் மின்னேற்றம்தான் பவுடரை ஒட்டவைக்கிறது. அதனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது சரியாக வேலை செய்யாது. பங்குனி வெயிலில் ஜோராக வரும்.

வீட்டில் கேக் செய்யும் ஓடிஜி மின் அடுப்பைப் பயன்படுத்தலாமா? ஒரே ஒரு தடவைதான். (இடிந்தகரை)

கூடாது. ஒரு தடவையும் கூடாது. சாப்பாட்டுக்குப் போன அடுப்பு ஈயத்துக்கு வரலாம். ஈயத்துக்கு வந்தது சாப்பாட்டுக்குத் திரும்பிப் போகக்கூடாது.

அடுப்பை 200-இல்தான் வைத்தேன். குண்டு மெழுகு மாதிரி தொங்கி, கம்பியிலிருந்து கழன்று விழுந்துவிட்டது. ஈயம் 327 டிகிரியில்தானே உருகும்? (பேட்டை)

சுத்தமான காரீயம் (லெட்) 327-இல்தான் உருகும். நீங்கள் உருக்கியது சுத்தமான காரீயம் இல்லை. பழைய ரேடியோ, டிவி போர்டில் சுரண்டிய சால்டர் ஈயத்தைக் கலந்திருப்பீர்கள். காரீயமும் வெள்ளீயமும் (டின்) சேர்ந்த கலவை 183-லேயே இளக ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கிற குண்டுக்கு 160 டிகிரியில் வேகும் பவுடராகக் கேட்டு வாங்குங்கள், நேரம் கூடுதலாகக் கொடுங்கள். அடுப்புக்கு அடியில் எப்போதும் ஒரு தகரத் தட்டு இருக்கட்டும்.

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கலாமா? (பெயர் போடவில்லை)

வேண்டாம். தகட்டில் இருப்பது பாதிக்கு மேல் ஈயப் பொடியும் அமில உப்பும்தான். உருக்கினால் ஆர்சனிக், ஆன்டிமனி சேர்ந்த விஷவாயு வரவும் வாய்ப்பு உண்டு. பேட்டரியை விற்ற கடையிலேயே கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு.

எங்கள் ஆச்சி அறுபது வருஷமாக ஈயச் சொம்பில்தான் ரசம் வைத்தாள். தொண்ணூறு வயது வரை நன்றாக இருந்தாள். ஈயம் ஈயம் என்று நீங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? (அம்பாசமுத்திரம்)

இந்தக் கேள்வியை வேறு வேறு ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். கடையில் நேரிலும் கேட்கிறார்கள். ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து படித்துவிட்டு அடுத்தவரிடமும் சொல்லுங்கள்.

உங்கள் ஆச்சி ரசம் வைத்தது வெள்ளீயச் சொம்பில். தூண்டில் குண்டும் வலைக் குண்டும் வார்ப்பது காரீயத்தில். இரண்டும் வேறு வேறு உலோகம். நம் பேச்சில் முன்னொட்டு உதிர்ந்துபோய் இரண்டுக்கும் ஈயம் என்று ஒரே பெயர் நின்றுவிட்டது. பித்தளைப் பாத்திரத்துக்கு நவச்சாரம் தூவிப் பூசுவதும் வெள்ளீயம்தான். புளி பித்தளையை அரிக்காமல் அது காக்கிறது. அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் ஆச்சி தண்ணீரோ ரசமோ ஊற்றாமல் சொம்பை அடுப்பில் ஏற்ற விட்டிருக்க மாட்டாள். அந்த அறிவு அவளிடம் இருந்தது. நாம் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு அறிவை விட்டுவிட்டோம்.

காரீயம் அப்படியில்லை. உடம்புக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்ற அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அது எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், வருஷக்கணக்கில் இருக்கும். ஒரே அளவு வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு நாலைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும். பெட்ரோலில் கலந்திருந்த காரீயத்தை நம் நாடு 2000-இல் நிறுத்தியதும் இதனால்தான்.

என்னுடைய ஆத்திரம் எங்கே என்றால், இந்தப் பெயர்க் குழப்பத்தைப் பயன்படுத்தி வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். காரீயம் விலை குறைவு, கனம் அதிகம். பல வருஷத்துக்கு முன்னால் நானே ஒரு கடையில் ஈயச் சொம்பு வாங்கினேன். கையில் எடுத்ததும் கனம் உறுத்தியது. விளிம்பை வெள்ளைத் தாளில் இழுத்தேன், பென்சில் கோடு மாதிரிக் கறுப்பாக விழுந்தது. அந்தச் சொம்பில் வீட்டில் இரண்டு நாள் ரசம் வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சொன்ன பதில், ‘எல்லாம் ஈயம்தானே அண்ணாச்சி.’

நீங்களும் பார்க்கலாம். வாளியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, சொம்பை முழுக்க அமுக்கி, உள்ளே காற்று நிற்காமல் சாய்த்து, வழிந்த தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். 730 கிராம் எடையுள்ள வெள்ளீயச் சொம்பு 100 மில்லி தள்ளும். அதே 100 மில்லிக்கு எடை 800, 900 என்று காட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் இதில் தெரியாது, பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். தாளில் கோடு விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், சமையலறையிலிருந்து வெளியே எடுங்கள்.

கோட்டிங் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்? (இவ்வளவுதான் கடிதம்)

என்ன உலோகம், என்ன பவுடர், எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், என்ன மாதிரிக் கெட்டது என்று ஒன்றும் இல்லாமல் நான் என்ன சொல்ல? டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நிற்பீர்களா? இந்த நாலைந்தையும் எழுதுங்கள், பதில் வரும்.

கடையில் கிடைக்கும் கலர்ப் பொடி, தரைக்குப் போடும் ஆக்சைடு பொடி ஆகாதா? விலை பத்தில் ஒரு பங்குதானே. (களக்காடு)

ஆகாது. அதில் வெறும் நிறம்தான் இருக்கிறது, உருகிப் பிடிக்கிற ரெசின் இல்லை. சுட்டால் அதே பொடியாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் வார்க்கலாமா? (கூத்தங்குழி)

பவுடர் கோட்டிங் போடலாம். பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, கட்டி பிடித்திருந்தால் சலித்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தாலும் பவுடர் கட்டி பிடிக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

வார்ப்பதை மட்டும் மழை முடிகிற வரைக்கும் தள்ளிப்போடுங்கள். ஒரு கார்த்திகையில், முற்றத்தில் கிடந்த பழைய ஈயக் கட்டியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு உருகிய சட்டியில் போட்டேன். கட்டியின் வெடிப்புக்குள் ஈரம் இருந்தது. போட்ட கணத்தில் சட்டி பாதி காலியாகிவிட்டது. சத்தம் அப்புறம்தான் காதில் ஏறியது. சுவரெல்லாம் வெள்ளிப் பொட்டு. இடது கையில் மூன்று தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கண்ணாடியின் மேலும் ஒரு பொட்டு உறைந்து நின்றது. ஈரம் ஈயத்துக்கு மேலே விழுந்தால் ஆவியாகிப் போய்விடும். அடியில் மாட்டினால் வெடிக்கும். கட்டி, கரண்டி, அச்சு எதுவானாலும் முதலில் அடுப்போரம் சுட வைத்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

குளத்தில் கெண்டை பிடிக்கச் சின்னக் குண்டுகள் செய்கிறேன், ஒவ்வொன்றும் ஐந்து கிராம். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் குளங்களில் போடுவேன். எந்த நிறம் நல்லது? (நாங்குநேரி)

நிறத்தை விடுங்கள். அந்தப் பக்கத்தில்தான் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. நீர்ப்பறவைகள் இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும். அறுந்து கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். இரைப்பையில் பவுடர் கோட்டிங் தேய எத்தனை நாள் ஆகும்? இங்கிலாந்தில் இப்படி அன்னங்கள் செத்ததால் 28 கிராம் வரைக்குமான ஈயக் குண்டு விற்பனையை 1987-இல் தடை செய்தார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற ஊர் கூந்தன்குளம். குளத்துக்கு இரும்பு நட்டு, போல்ட்டைக் கட்டிப் போடுங்கள். மீனுக்கு வித்தியாசம் தெரியாது.

என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். துப்பாக்கி சுடப் பழகுகிறான். குண்டை அவனே வார்த்து இதே பவுடரைப் பூசுகிறானாம். சரியான முறைதானா? இங்கேயும் செய்யலாமா? (பாளையங்கோட்டை)

முறை சரிதான். அங்கே பலரும் செய்கிறார்கள். ஈயம் குழலில் படியாமல் இருக்க முன்பு கொழுப்பும் மெழுகும் தடவினார்கள், இப்போது அந்த வேலையை இந்தக் கோட்டிங் செய்கிறது, புகையும் குறைவு. குலுக்கி எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் நிற்கவைத்து, 200-இல் வேகவைப்பார்கள். கோட்டிங்கால் குண்டு மயிரிழை பெருத்துவிடும். அதனால் வெந்த பிறகு அளவு அச்சுக்குள் தள்ளி எடுக்க வேண்டும். நசுக்கிப் பார்க்கும் சோதனை அதற்கும் உண்டு. வார்த்த பிறகும் சுட்ட பிறகும் கை கழுவச் சொல்லுங்கள். தோட்டாவின் பற்றவைப்பு மருந்திலும் ஈயம் உண்டு.

இங்கே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் சிறை. இது பற்றி மேற்கொண்டு எழுதாதீர்கள்.

வீட்டுக்காரர் கொல்லையில் ஈயம் உருக்குகிறார். ஒன்றரை வயதுப் பிள்ளை தவழ்ந்துகொண்டே இருக்கிறது. சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார். (பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

அம்மா, இதுதான் இந்த முறை வந்த கடிதங்களில் அவசரமானது. உருக்குவதை இன்றே வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். புகையைவிடத் தூசிதான் ஆபத்து. மேலே படியும் சாம்பலை வழித்துப் போடுகிறாரே, அது தரையில் பரவும், பிள்ளை கையை வைக்கும், கை வாய்க்குப் போகும். கொல்லையையும் வீட்டையும் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். அவர் உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும், குளிக்காமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது. குழந்தைகள் மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லி, ரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பவுடர் பூசிய குண்டு பாதுகாப்பு என்று அவர் சொல்லக்கூடும். பூசியது கைக்குத்தான் பாதுகாப்பு. பிள்ளை கடித்தால் நிற்காது.

கடற்கரையில் வீடு. கேட்டுக்குப் பவுடர் கோட்டிங் போட்டு ஒரே வருஷத்தில் துரு. (பெருமணல்)

எபாக்சி வகைப் பவுடர் மட்டும் அடித்திருந்தால் வெயிலில் வெளுத்து மாவாக உதிரும். பாலியஸ்டர் வகை மட்டும் என்றால் உப்புக் காற்றுக்குப் போதாது. மணல் வீச்சில் சுத்தம் செய்து, துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர், அதன் மேல் பாலியஸ்டர் என்று கேளுங்கள். குழாயின் வாய் திறந்திருந்தால் துரு உள்ளிருந்துதான் வரும், வெல்டிங் வைத்து மூடச் சொல்லுங்கள். பட்டறைக்குக் கொண்டு போகும்போது கீலைக் கழற்றிவிட்டுக் கொண்டு போங்கள். மாட்டியபடியே அடித்தால் கீலுக்கு அடியில் பவுடர் ஏறாது.