ரிட்டர்னில் 0.3 சதவீதம்தான், பிறகு ஏன் மூன்றாம் டிகிரி?

கேள்வி: டிப்ளமோ மைனிங் முடித்துவிட்டு தன்பாத் பக்கம் ஒரு நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் டிஸ்ட்ரிக்டின், அதாவது எங்கள் சுரங்கப் பகுதியின், ரிட்டர்ன் காற்றில் (வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிவிட்டு வெளியே திரும்பும் காற்று) மீத்தேன் 0.3 சதவீதத்தைத் தாண்டியதில்லை. விதி 0.75 வரை விடுகிறது. ஆனாலும் இந்த நிலக்கரிப் படுகையை (சீம்), வாயுக் கசிவை வைத்துத் தரும் வகைப்பாட்டில், இரண்டாம் டிகிரியிலிருந்து மூன்றாம் டிகிரிக்கு மாற்ற வேண்டிவரும் என்கிறார்கள். காற்று நிமிடத்துக்கு 1500 கன மீட்டர், உற்பத்தி நாளைக்கு 500 டன். இன்னொரு சந்தேகம்: உள்ளே ஓரிடத்தில் மீட்டரைக் கூரையை ஒட்டிப் பிடித்தால் 1.8 காட்டுகிறது. எந்த எண்ணை நம்புவது?

பதில்: முதலில் அந்த 1.8. அதை டிகிரிக் கணக்கோடு சேர்க்க வேண்டாம், அது அந்த ஷிஃப்டிலேயே முடிக்க வேண்டிய வேலை. 2017ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குவிதிகள் ரிட்டர்னுக்கு 0.75 சதவீதம், சுரங்கத்தின் எந்த இடத்துக்கும் 1.25 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. 1.25 வந்தால் அங்கே மின்சாரத்தை நிறுத்த வேண்டும், ஆட்களை வெளியேற்ற வேண்டும். 'கூரையில்தானே இருக்கிறது, ஆள் நிற்கும் உயரத்தில் இல்லையே' என்ற சமாதானம் எடுபடாது. மீத்தேனின் எடை காற்றின் எடையில் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். காற்று தளர்ந்த இடத்தில் அது கூரையோடு ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். 5 முதல் 15 சதவீதம் வரை வெடிக்கும், ஒன்பதரைக்குப் பக்கத்தில் வேகம் உச்சம். உங்கள் கைக்கு எட்டிய இடத்தில் 1.8 என்றால், கூரை பெயர்ந்த குழிக்குள் ஒரு சாண் மேலே 5 இருக்க இடமுண்டு. நீட்டுக் கம்பியில் குழாய் கட்டி, அங்கிருந்து காற்றை உறிஞ்சிப் பார்க்காமல் தெரியாது.

அந்த இடம் ரிட்டர்ன் பாதை அல்ல என்று ஊகிக்கிறேன். பாதையின் குறுக்குப் பரப்பு 10 சதுர மீட்டர் என்று வைத்தால் காற்று நொடிக்கு 2.5 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் படலம் நிலைக்காது, கலந்துவிடும். வேகம் நொடிக்கு அரை மீட்டருக்குக் கீழே இறங்கும் இடங்களில்தான் கவலை. ஃபேஸ் (கரி வெட்டும் முகப்பு) பக்கமோ, முட்டுச்சந்தாக நிற்கும் கேலரியோ (சுரங்கப் பாதை) இருக்க வேண்டும். பிராட்டிஸ் துணியை (காற்றைத் திருப்பிவிடும் தடுப்புத் துணி) சாய்த்துக் கட்டிக் காற்றைக் கூரைப் பக்கம் திருப்புவதுதான் வழக்கமான வைத்தியம். அதையும் ஓவர்மேனின் (சுரங்க மேற்பார்வையாளர்) மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். பயிற்சியில் இருப்பவர் தனியாகப் போய்க் கை வைக்க வேண்டாம்.

சரி, டிகிரிக்கு வருவோம். சதவீதம் என்பது எவ்வளவு காற்றில் கலந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதே உப்பை டம்ளரில் போட்டால் கரிக்கும், குடத்தில் போட்டால் தெரியாது. பெரிய மின்விசிறி வைத்த சுரங்கம் எவ்வளவு வாயு கசிந்தாலும் சதவீதத்தில் சாதுவாகத் தெரியும். அதனால்தான் ஒரு டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் வாயு வருகிறது என்றும் விதி கேட்கிறது. 1 வரை (கூடவே பொதுக் காற்றில் 0.1 சதவீதத்தைத் தாண்டாமலும் இருந்தால்) முதல் டிகிரி, 10 வரை இரண்டாவது, 10-க்கு மேல் மூன்றாவது.

உங்கள் எண்களையே போடுவோம். 1500-இல் 0.3 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 4.5 கன மீட்டர் மீத்தேன். நாளைக்கு 1440 நிமிடம், ஆக 6480 கன மீட்டர். 500 டன்னால் வகுத்தால் 12.96. மூன்றாம் டிகிரி என்று பேசுகிறவர்கள் தப்பாகப் பேசவில்லை.

அதற்காக இதையே முடிவாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 0.2 என்று போட்டுப் பாருங்கள்: 8.64, இரண்டாம் டிகிரி. 0.23-க்கு 9.94, 0.24-க்கு 10.37. உங்கள் டிகிரியை முடிவு செய்வது தசமத்தின் இரண்டாம் இடம். கையில் வைத்திருக்கும் மீத்தேன் மீட்டர் பெரும்பாலும் 0.1-க்குக் கீழே பிரித்துக் காட்டாது. ஷிஃப்ட் பாதுகாப்புக்கு அது போதும், வகைப்பாட்டுக்குப் போதாது. ரிட்டர்ன் காற்றைப் புட்டியில் பிடித்து ஆய்வகத்தில் குரோமட்டோகிராஃபில் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) பார்க்க வேண்டும். இன்டேக் காற்றிலும், அதாவது உள்ளே வரும் காற்றிலும், மாதிரி எடுங்கள், வரும்போதே கொஞ்சம் மீத்தேனோடு வந்தால் அதைக் கழிக்க வேண்டும். காற்றளவிலும் இதே கவனம் தேவை. காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரைப் பாதையின் நடுவில் மட்டும் பிடித்தால் வேகம் கூடுதலாகத்தான் வரும். முழுக் குறுக்குப் பரப்பிலும் மெதுவாக நகர்த்தி, உடம்பு காற்றை மறிக்காமல் எடுக்க வேண்டும்.

எந்த நாளில் அளந்தீர்கள் என்பதும் முக்கியம். கரி குறைந்தால் கசிவு அதே அளவில் குறையாது, ஏனென்றால் ஒரு பங்கு கோஃபிலிருந்து, அதாவது கரி எடுத்துவிட்ட பழைய வெற்றிடத்திலிருந்து வருகிறது. 0.2 சதவீதமே இருந்தாலும் உற்பத்தி 400 டன்னுக்கு இறங்கிய நாளில் கணக்கு 10.8 ஆகிவிடும். ஆகவே வழக்கமான உற்பத்தி நடக்கும் பல நாட்களில், எல்லா ஷிஃப்டிலும் எடுங்கள். வேலை நிறுத்திய ஞாயிற்றுக்கிழமையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அன்றும் 0.2 இருந்தால் உங்கள் வாயுவில் மூன்றில் இரண்டு பங்கு கோஃபின் வேலை என்று பொருள். அப்போது ஃபேஸில் மட்டும் காவல் இருந்து பயனில்லை, கோஃப் விளிம்பையும் அடைப்புச் சுவர்களையும் கவனிக்க வேண்டும்.

பாரோமீட்டரை நம் ஆட்கள் அநியாயத்துக்கு அலட்சியம் செய்கிறார்கள். கோஃபின் வெற்றிடம் ஒரு லட்சம் கன மீட்டர் என்று வையுங்கள். காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், அதாவது சுமார் ஒரு சதவீதம், ஆயிரம் கன மீட்டர் கோஃப் வாயு விரிந்து வேலை நடக்கும் பக்கம் வரும். மழைக்காலத்தில் வங்கக்கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் ஒடிசா, ஜார்க்கண்ட் வழியாகப் போகும் நாட்களில் இதை எதிர்பார்க்கலாம். சாதாரண நாளிலும் காலை 10 மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருந்து மாலை 4 மணி வரை இறங்கும். எப்போதும் காலையிலேயே மாதிரி எடுப்பவர் சுரங்கத்தின் நல்ல முகத்தை மட்டும் பார்க்கிறார்.

மீட்டரைப் பற்றியும் இரண்டு விஷயம். உங்களுடையது வினையூக்கி மணி (வாயுவை எரிக்கும் சூடான சிறு உருண்டை) வைத்த வகை என்றால், அது வாயுவை உள்ளே எரித்துத்தான் அளக்கிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். கோஃப் விளிம்பில் ஆக்சிஜன் குறைந்து மீத்தேன் மிகுந்திருந்தால், எண் சரசரவென்று ஏறிவிட்டுத் திரும்பவும் கீழே வரும். இறங்கிய எண்ணைப் பார்த்து உள்ளே போகக்கூடாது. சிலிகோன் கலந்த கிரீஸ், ஸ்பிரே பட்டாலும் அந்த மணி மந்தமாகிவிடும், வெளியே பார்த்தால் மீட்டர் நன்றாகவே இருக்கும். தெரிந்த செறிவுள்ள வாயுவைக் காட்டிச் சோதித்தால்தான் குட்டு வெளிப்படும். அடுத்தது, திரையில் இருப்பது கன அளவுச் சதவீதமா, வெடிப்பின் கீழ்வரம்பில் சதவீதமா என்று பாருங்கள். 5 சதவீதக் கீழ்வரம்பை 100 என்று கொள்ளும் மீட்டரில் நம் 1.25 என்பது 25 என்று வரும். வேறு தொழிற்சாலைக்கு வாங்கிய மீட்டர் சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தால் இந்தக் குழப்பம் நிச்சயம்.

டிகிரி மாறினால் மின்கருவி, வெடிமருந்து, கண்காணிப்பு எல்லாம் கடுமையாகும், செலவு ஏறும். அதனால் கீழ் டிகிரியிலேயே வைத்திருக்க நிர்வாகத்துக்கு ஆசை இருக்கும், அது மனித இயல்பு. ஆனால் 2006 செப்டம்பரில் உங்கள் தன்பாத் பக்கத்து ஜாரியா நிலக்கரி வயலில் பாட்டீ (Bhatdih) என்ற சுரங்கத்தில் நடந்த வெடிப்பில் 50 பேர் இறந்தார்கள். அதே வயலின் முனிடீ (Moonidih) போன்ற மூன்றாம் டிகிரிச் சுரங்கங்கள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டும் இருக்கின்றன. மூன்றாம் டிகிரி என்றால் மூட வேண்டும் என்று அர்த்தமில்லை.

பதிவேட்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: 0.3 ரிட்டர்ன் பொதுக் காற்றில், 1.8 கூரையில். இடம், நேரம், பாரோமீட்டர் அளவு, அன்றைய டன் கணக்கு எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும். 0.3-ஐ மட்டும் எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.